சூட் வாங்கப் போன திருடி

பதினோரு வருடம் டோயிங் வண்டி ஓட்டியவன் நான். திருட்டுக் கார்கள் மட்டுமே முந்நூறுக்கு மேல் இழுத்து வந்திருப்பேன். அவற்றுக்குள் துப்பாக்கி பார்த்திருக்கிறேன். கோழிக்குஞ்சுகள் பார்த்திருக்கிறேன். ஒருமுறை சர்ச்சிலிருந்து களவுபோன ஆர்கன் ஒன்றைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஆனால் காரின் சொந்தக்காரருடைய கோட்டு சூட்டை லாண்டரியில் வாங்கி, கசங்காமல் பின் ஜன்னலில் மாட்டிக்கொண்டு போன திருடனை மட்டும் பார்த்ததே இல்லை.

அதைத்தான் வெர்லின் ஸ்டோக்ஸிடம் சொன்னேன்.

வெர்லின் என் முதலாளி. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்தாறு வருடம் பொய்க் கணக்குகளைப் பிடித்துவிட்டு, ஹார்லோ ஊரில் மீன்பிடி இரை விற்கும் கடைக்கு மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டவர். கீழே மண்புழு, மேலே நாங்கள். வாடிக்கையாளர்கள் பலருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

"சூட்டா?" அவித்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "யார் சொன்னது?"

"நான் முன்ன வேலை பார்த்த டோயிங் யார்டு ஆளு, மேடம். விபத்து நடந்த அன்னிக்கு அந்த வண்டியை இழுத்ததே அவன்தான். முன்பக்கம் அப்பளமா நொறுங்கியிருக்கு. பின்னாடி நீல சூட்டு ஒண்ணு பிளாஸ்டிக் உறையோட, லாண்டரி சீட்டோட ஜம்முனு தொங்குதாம். நாலரை மணிக்கு வண்டியோட சொந்தக்காரன் ராய்ஸ் டில்லரி வந்தானாம். காரை ஒரு பார்வைகூடப் பார்க்கல. சூட்டை மட்டும் கையில வாங்கிட்டுப் போயிட்டான்."

"வண்டி ஓட்டின அவன் பொண்ணு அப்ப எங்க இருந்தா?"

"ஆஸ்பத்திரில, கைல கட்டு போட்டுக்கிட்டு. அப்பனுக்கு ஆறு மணிக்கு மேடை இருந்துச்சு மேடம். பாவம், அவசரம்."

மேடை என்ன மேடை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்று மாலை எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளி அரங்கில், 'பிள்ளை கையில் சாவி, பெற்றோர் தலையில் பொறுப்பு' என்ற தலைப்பில் ராய்ஸ் டில்லரி நாற்பது நிமிடம் பேசினான். நீல சூட்டில். கைதட்டல் பலமாக இருந்ததாம்.

அதே அக்டோபர் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பதுக்குத்தான் எர்னஸ்டின் மேப்ரி தன் வீட்டு வாசலில், ரோட்டோரத் தபால் பெட்டியிலிருந்து கடிதங்களை எடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. வீட்டின் முன்னறையிலேயே பெண்களுக்கான முடிதிருத்தகம் நடத்துகிறவர். ராய்ஸின் வெள்ளை வண்டி தபால் பெட்டியோடு சேர்த்து அவரையும் தூக்கி எறிந்தது. இரண்டு கால்களிலும் இப்போது கம்பிகள் இருக்கின்றன. முப்பது வருடம் நின்றபடியே பிழைத்தவருக்கு, கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போக வாக்கர் வேண்டும். ஓட்டியவள் ராய்ஸின் மகள் கேம்ரின். வயது பதினேழு.

எங்களை அமர்த்தியது எர்னஸ்டினின் வக்கீல். எங்கள் ஜார்ஜியா மாநிலத்துச் சட்டம் இதில் குழப்புவதில்லை. வீட்டுக் காரை வீட்டுப் பிள்ளை அனுமதியோடு எடுத்து, வீட்டு வேலையாகப் போய் யாரையாவது இடித்தால், காருக்குச் சொந்தமான அப்பாதான் பொறுப்பு. சொல்லாமல் திருடிக்கொண்டு போனால் அப்பா கையை உதறிவிடலாம். பிறகு எர்னஸ்டின் அந்தப் பெண் மீதுதான் வழக்குப் போட வேண்டும். அந்தப் பெண்ணுக்குச் சொந்தமாக இருப்பது ஒரு கிளாரினெட் வாத்தியம்தான்.

எர்னஸ்டினின் வக்கீலுக்கு ராய்ஸ் எழுதிய கடிதம் வெர்லினின் மேஜையில் கிடந்தது. வேகமாக ஓட்டி மாட்டிக்கொண்டதால் ஆகஸ்ட் நான்காம் தேதியிலிருந்து மகளுக்குக் காரைத் தொடவே தடையாம். அப்பாவும் மகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அன்று முதல் சமையலறை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தில் தொங்குகிறதாம். சந்தேகம் இருந்தால் வந்து பார்க்கலாமாம்.

"லாண்டரிக்காரர் என்ன சொல்றார்?" வெர்லின் கேட்டார்.

"எண்பத்தொரு வயசு, மேடம். யார் சூட்டை யார் வாங்கினாங்கன்னு கேட்டா, எந்த வருஷம்னு திருப்பிக் கேட்கிறார். ராய்ஸ் என்ன சொல்வான்? காலையில நானே வாங்கி வண்டில மாட்டி வெச்சிருந்தேன், திருடி கவனிக்கலன்னு சொல்லிட்டுப் போயிடுவான்."

வெர்லின் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தார். பிறகு எழுந்து, எங்கள் அலுவலக ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த பீட்சா கடைக் காந்தத்தைப் பிய்த்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வந்து பாருங்கன்னு மனுஷன் கூப்பிடறான். போகலைன்னா மரியாதையா இருக்காது. கிளம்பு டூயி."

டூயி நான்தான்.

*

சனிக்கிழமை காலை பத்து மணி. டில்லரி வீட்டு முகப்பில் நான்கு பெரிய வெள்ளைத் தூண்கள். அருகில் போய்த் தட்டிப் பார்த்தேன். உள்ளே வெற்று.

ராய்ஸை இந்தப் பகுதியில் தெரியாதவர் இல்லை. டில்லரி ஃபர்னிச்சர் விளம்பரம் டிவியில் தினமும் ஆறு முறை வரும். ராய்ஸ், மனைவி ஷார்லா, மகள் கேம்ரின் மூவரும் ஒரே சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். "குடும்பத்தைத் தாங்கும் சோபா!" என்பான் ராய்ஸ். திரையில் பச்சை மையில் அவன் கையெழுத்து ஓடும். 'ஆர்' எழுத்துக்கு நரிவால் மாதிரி ஒரு நீட்டல்.

விளம்பரத்தில் பார்த்த அதே பற்களோடு எங்களைச் சமையலறைக்குக் கூட்டிப் போனான். ஷார்லா ஐஸ் டீ ஊற்றி வைத்தாள். கேம்ரின் மேஜையோரம் உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டில் இன்னும் பட்டை. எங்களைப் பார்க்காமல் மேஜையின் மரக்கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுல ஒளிவு மறைவே கிடையாது," என்றான் ராய்ஸ். "சொல்லும்மா கேம்ரின்."

"அன்னைக்கு டாடி அனுமதி இல்லாம நான் வண்டியை எடுத்தேன். சாவி இருந்த டிராயரைத் திறந்து எடுத்தேன். என் பாய் ஃப்ரெண்டைப் பார்க்கப் போனேன்."

பள்ளியில் செய்யுள் ஒப்பிப்பவர்கள்கூட இதைவிட உணர்ச்சியோடு ஒப்பிப்பார்கள்.

"அந்தப் பையன் பேரு என்ன கண்ணு?" வெர்லின் கேட்டார்.

கேம்ரின் தன் அப்பாவைப் பார்த்தாள்.

"டைலர்," என்றான் ராய்ஸ்.

"உங்களுக்கும் டைலரை நல்லா தெரியுமா சார்?" என்றேன். "ஏன்னா பொண்ணுக்கு அவ்வளவா ஞாபகம் இல்ல போல."

"குழந்தை அதிர்ச்சியில இருக்கா, தம்பி." பற்கள் கொஞ்சம் உள்ளே போயின. ஒரு தாளை எடுத்து வெர்லினிடம் நீட்டினான். "இதோ ஒப்பந்தம். போட்டோ எடுத்துக்கோங்க. அந்த அம்மாவோட வக்கீல்கிட்ட காட்டிட்டு எங்களை நிம்மதியா விடுங்க."

வெர்லின் தாளைப் படித்தார். ஆகஸ்ட் நான்கு என்று தேதி. இரண்டு கையெழுத்துகள். பிறகு எழுந்துபோய், ஆளுயர வெள்ளி நிற ஃப்ரிட்ஜின் கதவில் தாளை வைத்து, மேலே பீட்சா கடைக் காந்தத்தை வைத்துக் கையை எடுத்தார்.

காந்தம் தரையில் விழுந்து உருண்டது. தாள் பின்னாலேயே வந்தது.

எடுத்து இன்னொரு கதவில் வைத்தார். மறுபடியும் விழுந்தது.

"மேடம், இந்த ஃப்ரிட்ஜுக்கு நம்ம மேல நம்பிக்கை இல்ல," என்றேன். "எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் அப்படி இல்ல, எதைக் கொடுத்தாலும் பிடிச்சுக்கும். ஏழைங்க பழக்கம்."

"ஆகஸ்டிலிருந்து காந்தத்துல தொங்குதுன்னு எழுதியிருக்கீங்க, மிஸ்டர் டில்லரி," என்றார் வெர்லின். "இந்தக் கதவுல காந்தமே ஒட்டலையே?"

ராய்ஸ் ஒரு நொடி வெறித்துப் பார்த்தான். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்.

"இதுக்காகவா அம்மா இவ்வளவு தூரம் வந்தீங்க? இது புது ஃப்ரிட்ஜ்! போன மாசம் இருபத்தஞ்சாம் தேதிதான் வந்துச்சு. ரசீது வேணுமா? ஷார்லா, ரசீதை எடு. ஒப்பந்தம் தொங்கினது பழைய ஃப்ரிட்ஜ்ல. அதுலதான் இப்ப கராஜ்ல என் பீர் இருக்கு. கதவுல காந்தமெல்லாம் அப்படியே இருக்கு. வாங்க, காட்டறேன்."

ரசீது வந்தது. அக்டோபர் இருபத்தைந்து. எங்கள் அழகான துப்பு ஐஸ் டீயில் போட்ட சர்க்கரை மாதிரி கரைந்தது. நான் காந்தத்தைப் பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

"ராய்ஸ்," என்றாள் ஷார்லா, "கராஜ் குப்பையா கிடக்கு. இன்னொரு நாள்..."

"குப்பையா கிடந்தா என்ன? இவங்க வேலையே குப்பையைக் கிளறறதுதானே! வாங்க, வாங்க."

ஷார்லா டம்ளரை மேஜையில் வைத்தாள். வைத்தபோது அது மேஜையில் இரண்டு முறை தட்டியது. வெர்லின் அதைப் பார்த்தார். வெர்லின் பார்த்ததை நான் பார்த்தேன்.

*

பெயின்ட் டப்பாக்களுக்கும் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் நடுவே பழைய வெள்ளை ஃப்ரிட்ஜ் நின்றது. கதவு நிறையக் காந்தங்கள். பல் டாக்டர் அட்டை, பள்ளி வாத்தியக் குழுவின் பயிற்சி நேரம், நடுவில் டில்லரி ஃபர்னிச்சர் காலண்டர். மேலே ராய்ஸின் படம், கீழே மாதாமாதம் கிழிக்கும் தாள்கள்.

ராய்ஸ் ஒப்பந்தத்தை வைத்து ஒரு காந்தத்தால் அமுக்கினான். நின்றது. "ஆச்சா?" என்றான்.

"ஆச்சு," என்றார் வெர்லின். அவர் ஒப்பந்தத்தைப் பார்க்கவில்லை. காலண்டரைப் பார்த்தார். அது நவம்பர் காட்டியது.

"இது இங்க வந்தது அக்டோபர் இருபத்தஞ்சா?"

"எத்தனை தடவை சொல்றது?"

"அதுக்கப்புறம் இந்தப் பக்கம் யார் வருவாங்க?"

"நான் மட்டும்தான். சாயந்தரம் ஒரு பீர்."

"பீர் எடுக்க வர்றவருக்கு மாசத்தைக் கிழிக்கணும்னு தோணுச்சா, மிஸ்டர் டில்லரி?"

அவன் பார்வை ஷார்லாவிடம் போய்த் திரும்பியது.

நான் அருகே போய்ப் பார்த்தேன். "நவம்பர் முழுக்கக் காலியா இருக்கு மேடம். பல் டாக்டர் இல்ல, வாத்தியக் குழு இல்ல, பாட்டியோட பிறந்த நாள்கூட இல்ல. இந்தக் குடும்பம் அக்டோபரோட ரிட்டயர் ஆயிடுச்சா?"

"காலியா இல்ல," என்றார் வெர்லின். மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "பொட்டு பொட்டா பச்சை தெரியுது. தடிமனான மார்க்கர்ல எழுதினா அடுத்த தாளுக்கு ஊறும். மேலிருந்து மூணாவது வரிசை, செவ்வாய்க்கிழமை. அங்கதான் நிறைய ஊறியிருக்கு. மேல இருந்த அக்டோபர் தாள்ல அந்தக் கட்டத்துல என்ன தேதி வரும் டூயி?"

விரல் விட்டு எண்ணினேன். "பதினாலு."

"விபத்து நடந்த அன்னிக்கு யாரோ பச்சை மையில நிறைய எழுதியிருக்காங்க. யாரோ அந்தத் தாளைக் கிழிச்சிருக்காங்க."

இப்போது ராய்ஸுக்கு மூச்சு திரும்பிவிட்டது. பற்களும் திரும்பின. "பொட்டு!" என்றான். "பொட்டை எடுத்துக்கிட்டு கோர்ட்டுக்குப் போங்க. ஜூரிக்காரங்க பன்னிரண்டு பேரும் சிரிக்கட்டும். வெளிய போற வழி தெரியும்ல?"

அவன் சொன்னது சரிதான், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். எங்களிடம் இருந்தது ஒரு சூட்டும் ஐந்தாறு பச்சைப் பொட்டுகளும். அதை வைத்து ஒரு நாற்காலிகூட வாங்க முடியாது, டில்லரி ஃபர்னிச்சரிலேயே கூட.

வெர்லின் கைப்பையைத் திறந்தார். "போறோம். போறதுக்கு முன்னாடி உங்க மனைவிகிட்ட ஒரு காகிதம் காட்டணும். அவங்க இதைப் பார்த்திருக்காங்களான்னு எனக்குச் சந்தேகம்."

"என்ன காகிதம்? என்கிட்ட குடுங்க."

"உங்களுக்கு எதுக்கு? நீங்க எழுதினதுதானே," என்று ராய்ஸின் நீட்டிய கையைத் தாண்டி ஷார்லாவிடம் கொடுத்தார்.

ஷெரிஃப் அலுவலகத்தில் பதிவான புகாரின் நகல் அது. நேற்றுதான் வாங்கியிருந்தோம். ஷார்லா படிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"அக்டோபர் பதினாலு, மாலை அஞ்சு பத்து," என்றாள், குரல் எழும்பாமல். "'என் மகள் கேம்ரின் என் வாகனத்தைத் திருடிச் சென்றாள். அவள் மீது குற்றவியல் நடவடிக்கை எடுக்க முழுச் சம்மதம் தெரிவிக்கிறேன்.'" நிமிர்ந்தாள். "இது என்ன ராய்ஸ்?"

"அது வெறும் ஃபார்மாலிட்டி, ஷார்லா."

"பொண்ணு கேக்காம எடுத்துட்டான்னு இன்சூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லுவோம், வீட்டுக்குள்ள முடிஞ்சுடும்னு சொன்னே. எல்லாம் சோபா வியாபாரத்தைக் காப்பாத்தத்தான்னு சொன்னே. போலீஸ் புகார்னு சொல்லலையே!"

"பதினேழு வயசுதானே? சின்னப் பசங்க கேஸை மூடி வெச்சுடுவாங்க. யாரும் பார்க்க முடியாது. நான் விசாரிச்சுட்டேன்."

"யார்கிட்ட விசாரிச்சீங்க? சோபாகிட்டயா?" என்றேன். "ஜார்ஜியாவுல பதினேழு வயசானா குற்றத்துக்குப் பெரியவங்க கோர்ட்டுதான் சார். மூடியும் கிடையாது, பெட்டியும் கிடையாது. என் மச்சினன் பதினேழுல ஒரு பைக்கை எடுத்தான். முப்பத்தஞ்சாச்சு, இன்னும் வேலைக்கு மனு போடும்போதெல்லாம் அந்த பைக் முன்னாடி வந்து நிக்குது."

"வர்ற புதன்கிழமை வாரண்ட் கேட்டு நீதிபதிகிட்ட போறாங்க," என்றார் வெர்லின், ஷார்லாவிடம் மட்டும். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு நினைச்சேன்."

ஷார்லா புகாரை நான்காக மடித்தாள். திரும்பி வீட்டுக்குள் நடந்தாள்.

"ஷார்லா! எங்க போறே?"

சமையலறையில் ஏதோ திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவள் திரும்பி வந்தபோது கையில் உறைந்த அவரைக்கொட்டைப் பை ஒன்று இருந்தது, ஐந்து பவுண்டு இருக்கும். அதைப் புல்வெட்டும் இயந்திரத்தின் மேல் வைத்து, உள்ளே கையை விட்டு, பிளாஸ்டிக்கில் சுற்றிய தாள் ஒன்றை உருவினாள். பனித்தூள் உதிர்ந்தது.

அக்டோபர்.

ராய்ஸின் முகம் அவரைக்கொட்டை நிறத்துக்கு வந்தது. "எரிச்சிட்டேன்னு சொன்னியே!"

"கிழிச்சுப் போட்டிருந்த செப்டம்பர் தாளை எரிச்சேன். இதை எரிக்க மனசு வரல. ஏன்னு அப்ப எனக்கே தெரியல." தாளை வெர்லினிடம் கொடுத்தாள். "கல்யாணமாகி இருபது வருஷத்துல நீ ஒரு தடவைகூட ஃப்ரீசரைத் திறந்ததில்ல, ராய்ஸ். அங்க வெச்சா எதுவும் பத்திரமா இருக்கும்."

வெர்லின் பிளாஸ்டிக்கை விலக்கினார். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். பதினான்காம் தேதிக் கட்டத்தில், பச்சை மையில், கொட்டை எழுத்தில்:

'கேம்ரின்! என் வண்டியை எடுத்துக்கோ. 3.30 லாண்டரி, நீல சூட். 6 மணிக்கு ஸ்பீச். மறக்காதே. ராய்ஸ்.'

'ஆர்' எழுத்தின் வால் பக்கத்துப் புதன்கிழமை வரை நீண்டிருந்தது.

"இங்க பாருங்க மேடம்," என்றேன். "ரெண்டாம் தேதி, கேம்ரின், கடை விளக்கு டெலிவரி. ஏழாம் தேதி, கேம்ரின், நாற்காலி டெலிவரி. ஒன்பதாம் தேதி, டெலிவரி. காரைத் தொடவே தடை விதிச்ச பொண்ணு! தடை இல்லாம இருந்திருந்தா பாவம், லாரியே ஓட்ட விட்டிருப்பார்."

யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

வெர்லின் காலண்டர் தாளை வலது கையிலும், ஷார்லாவிடம் வாங்கிய புகாரை இடது கையிலும் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு காகிதம், மிஸ்டர் டில்லரி. ரெண்டுலயும் உங்க கையெழுத்து. காலண்டர் நிஜம்னா இந்தப் புகார் பொய். பொய்ப் புகார் கொடுக்கிறதே குற்றம். நீங்களே ஷெரிஃப் ஆபீசுக்குப் போய், நான் பொய் சொன்னேன்னு சொல்லி வாபஸ் வாங்கணும். அதுக்கு உங்க மேல கேஸ் வரலாம். அந்த அம்மாவோட கால்களுக்கும் நீங்கதான் பொறுப்பு. இல்ல, புகார்தான் நிஜம்னு நீங்க நின்னா, புதன்கிழமை உங்க பொண்ணு திருடி. எதுல நிக்கப் போறீங்க?"

கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த கதவில் கேம்ரின் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. ராய்ஸ் அவளைக் கவனிக்கவில்லை. அவன் கண்கள் வலது தாளுக்கும் இடது தாளுக்கும் மாறி மாறிப் போயின. உதடுகள் லேசாக அசைந்தன. விலை பேசும்போது அவன் உதடுகள் அப்படி அசைவதை நான் அவன் கடையில் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் நான்கு பேர் காத்திருந்தோம்.

"முடிவு பண்ண எனக்கு எவ்வளவு நேரம் இருக்கு?" என்றான் ராய்ஸ்.

ஷார்லா கண்களை மூடிக்கொண்டாள்.

"புதன்கிழமை வரைக்கும் இருக்கு டாடி," என்றாள் கேம்ரின்.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "செல்லம், நீ உள்ள போ. பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோம்."

அவள் உள்ளே போகவில்லை. கொக்கியிலிருந்த மேல்சட்டையை எடுத்து, கட்டுப்போட்ட கையை மெதுவாக நுழைத்தாள். "மேடம், உங்க வண்டில இடம் இருக்கா? மிஸ் எர்னஸ்டின் வீடு வரைக்கும் வரணும். நான் இன்னும் அவங்களைப் பார்க்கல. பார்க்கக் கூடாதுன்னு டாடி சொல்லியிருந்தாங்க. மன்னிப்புக் கேட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம்."

"இடம் இருக்கு கண்ணு," என்றார் வெர்லின். "உங்க வீட்டுல யாராவது ஒருத்தர் சரின்னு சொல்லணும். அவ்வளவுதான்."

ஷார்லா வந்து மகளின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "போயிட்டு வா. யார் அனுப்பினதுன்னு கேட்டா, அம்மாதான் அனுப்பினாங்கன்னு சொல்லு. எங்க கேட்டாலும் சொல்லு. கோர்ட்டுல கேட்டாலும் சொல்லு."

*

ராய்ஸ் புகாரை வாபஸ் வாங்கினான். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ஷெரிஃப் அலுவலகம் மூடுவதற்குச் சற்று முன்பு. அதுவும் ஷார்லாவே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வாசலில் இறக்கிவிட்டாள். பொய்ப் புகாருக்காக நீதிபதி முன் தலை குனிந்து நின்றபோதும் அதே நீல சூட்தான் போட்டிருந்தான். எர்னஸ்டினின் வழக்கு ஜூரி வரை போகவே இல்லை. காலண்டர் தாளின் நகலைப் பார்த்த அன்றே எதிர்த்தரப்பு வக்கீல் பேச்சுவார்த்தைக்கு வந்துவிட்டார். அந்த சோபா விளம்பரம் இப்போது டிவியில் வருவதில்லை.

அதெல்லாம் பிறகு நடந்தது. அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நாங்கள் மூவரும் எர்னஸ்டின் மேப்ரியின் வீட்டு முன் வண்டியை நிறுத்தினோம்.

கேம்ரின் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். ரோட்டோரத்தில் புதிதாக நட்டிருந்த தபால் பெட்டியைக் கண்டதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இறங்கினாள். வெர்லின் உடன் போகவில்லை, இரண்டடி பின்னாலேயே நின்றுகொண்டார். நானும் அப்படியே.

வாக்கரின் சத்தம் உள்ளிருந்து மெதுவாக வந்தது. கதவு திறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. எர்னஸ்டின் கம்பிவலைக் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தார். அவருக்குப் பின்னால் முடிவெட்டும் நாற்காலிகள் இரண்டு துணி போர்த்திக் கிடந்தன.

"மிஸ் எர்னஸ்டின், நான் கேம்ரின் டில்லரி."

"யாருன்னு தெரியும். விளம்பரத்துல தினமும் வர்றியே."

"நான் வண்டியைத் திருடல. டாடி சூட் வாங்க அனுப்பினாங்க. வாங்கிட்டு வந்துக்கிட்டிருந்தேன். அப்ப..." அவள் தபால் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப போன் அடிச்சுது. யாருன்னு குனிஞ்சு பார்த்தேன். டாடின்னு இருந்துச்சு. சூட் கிடைச்சுதான்னு கேட்கக் கூப்பிட்டிருக்காங்க. நிமிர்ந்தா நீங்க நின்னுக்கிட்டிருந்தீங்க."

வெர்லினைப் பார்த்தேன். அவருக்கும் இது புதிது.

"அந்த போன் எங்க?" வெர்லின் மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கு ராத்திரியே டாடி வாங்கிக்கிட்டாங்க. விபத்துல உடைஞ்சுபோச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லச் சொன்னாங்க."

எர்னஸ்டின் வாக்கரை ஓரடி முன்னே நகர்த்தினார்.

"அப்ப தப்பு உங்க அப்பனோடதுன்னு சொல்ல வந்தியா?"

"இல்ல மேடம். கூப்பிட்டது அவங்க. ரோட்டைப் பார்க்காம குனிஞ்சது நான்."

"கோர்ட்டுல கேட்டாலும் இதைத்தான் சொல்லுவியா? இதே வார்த்தை?"

"இதே வார்த்தைதான் மேடம்."

எர்னஸ்டின் கம்பிவலைக் கதவின் கொக்கியை நீக்கினார்.

"உங்க வீட்டுல ஒருத்தருக்காவது உண்மை பேச வாய் இருக்கே," என்றார். "மன்னிக்கிறதைப் பத்தி நான் இன்னும் யோசிக்கல. கால் இன்னும் வலிக்குது. ஆனா வெயில்ல நிக்காதே. உள்ள வந்து உட்காரு."

வாக்கரை ஒரு பக்கமாகத் தள்ளி வழிவிட்டார்.